உறங்காத கண்ணும் உறங்கும் கண்ணும்

நுழையும்முன்

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை எல்லையை நோக்கிச் செல்கிறது தேசிய நெடுஞ்சாலை 66. உங்களில் பலர் நாள்தோறும் அச்சாலையில் பள்ளிக்கு வருகிறீர்கள். கேரளத்துச் சாலையோரங்களில் உயர்ந்த கம்பங்களில் ஒரு சூரிய மின்தகடும், ஒரு பெட்டியும், சாலையை நோக்கிய ஒரு கண்ணும் பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கண்ணைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இப்பாடம் அந்தப் பெட்டியைப் பற்றியது.

குளமும் கரையும்

உதியன்குளங்கரை என்னும் பெயரைப் பிரித்துப் பாருங்கள். உதியன், குளம், கரை என மூன்று சொற்கள் கிடைக்கும். உதியன் என்பது சங்க இலக்கியத்தில் சேர மன்னர்க்கு வழங்கிய பெயர். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக அம்மன்னனே இக்குளத்தை வெட்டினான் என்று சொல்லிவிடக் கூடாது. அதற்குத் தனிச் சான்று வேண்டும். ஆனால் குளமும் கரையும் இவ்வூர்ப் பெயரில் இருப்பது நமக்கு ஒரு வசதி. பேட்டரி எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கக் குளத்தைவிட நல்ல உவமை இல்லை.

மழைக்காலத்தில் வரத்துக்கால் வழியே நீர் வந்து குளம் நிரம்புகிறது. கோடையில் மடையைத் திறந்து வயலுக்கு நீர் விடுகிறோம். வரத்து நின்றாலும் சில நாள் வயல் வாடாது. சூரிய மின்தகடு வரத்துக்கால், பேட்டரி குளம், கேமரா, அந்த நீரைக் குடிக்கும் வயல். இரவு முழுவதும் வரத்து இல்லை. மழை மேகம் மூடிய நாளில் வரத்து மிகச் சிறிது. வயலோ இரவும் பகலும் குடித்துக்கொண்டே இருக்கிறது.

குளம் எத்தனை நாள் தாங்கும்? கம்பத்தை நடும் பொறியாளர் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே. கண் எவ்வளவு கூர்மையானது என்பது அதற்குப் பின்னர்தான்.

நெடுஞ்சாலைக் கண்

கேரள மோட்டார் வாகனத் துறைக்காக, ‘பாதுகாப்பான கேரளம்’ என்னும் திட்டத்தின்கீழ், மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரான் 726 கேமராக்களை அமைத்தது. அவற்றுள் 675 கேமராக்கள் செயற்கை நுண்ணறிவு கொண்டவை. தலைக்கவசம் அணியாதவர், இருக்கைப் பட்டை மாட்டாதவர், வண்டி ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் பேசுபவர் ஆகியோரைக் கண்டு படமெடுத்து, அலைபேசி வலைப்பின்னல் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவது அவற்றின் பணி. அங்குள்ள ஊழியர் படத்தைச் சரிபார்த்த பின்னரே வண்டி உரிமையாளருக்கு அறிவிப்புச் செல்லும். இத்திட்டம் 2023 ஏப்ரல் 20 அன்று தொடங்கப்பட்டது. அபராதம் விதிப்பது ஜூன் 5 முதல் நடைமுறைக்கு வந்தது.

இக்கேமராக்கள் சூரிய ஆற்றலில் இயங்குமாறு அமைக்கப்பட்டன. ஆகவே மின்கம்பி இழுக்க முடியாத இடத்திலும் கம்பத்தை நடலாம். சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கி வேறிடத்தில் நடவும் கூடும். மின்வாரியத்தின் கம்பியில் மரக்கிளை விழுந்து ஊரே இருளில் மூழ்கினாலும் கண் விழித்திருக்கும். உங்கள் வீட்டில் “கரண்டு போச்சு” என்பார்கள். பக்கத்து வீட்டில் “கறண்டு போயி” என்பார்கள். கம்பத்துக் கண்ணுக்கு இரண்டும் பொருட்டல்ல.

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கிய நாள் ஜூன் 8. அபராதம் தொடங்கி மூன்றே நாளில் வானம் மூடிக்கொண்டது. சூரியனை நம்பி நிற்கும் கண்ணுக்குத் தொடக்கத்திலேயே கடினமான தேர்வு! வட இந்தியச் சமவெளியில் போட்ட கணக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே கம்பம் நட முடியாது. திருவனந்தபுரம் மாவட்டம் தென்மேற்குப் பருவமழையையும் பெறுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது.

ஒரு கணக்கு

நாமே ஒரு கம்பத்தை நடுவதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் நம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உண்மையான கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

கேமராவும் படத்தை அனுப்பும் கருவியும் சேர்ந்து சராசரியாக 10 வாட் திறனில் இயங்குகின்றன. பழைய குண்டுபல்பு 60 வாட் எடுக்கும். அதன் ஆறில் ஒரு பங்குதான் இது. ஆனால் குண்டுபல்பை அணைத்துவிடலாம். கண்காணிக்கும் கண்ணை அணைக்க முடியாது. ஒரு நாளுக்கு 24 மணி. 10 வாட்டை 24-ஆல் பெருக்கினால் 240 வாட் மணி. இது ஒரு நாள் செலவு.

இப்போது குளத்தின் அளவு. பேட்டரியின் மேல் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1200 வாட் மணி. அப்படியானால் ஐந்து நாள் தாங்கும் என்று உங்களுக்குத் தோன்றும். தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய-அமில பேட்டரியை அடிவரை வற்றவிட்டால் அதன் தகடுகளில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகிவிடும். பிறகு அது பழைய அளவுக்கு நிரம்பாது. எனவே பாதியை மட்டும் எடுப்பது வழக்கம். 600 வாட் மணி, அதாவது இரண்டரை நாள். லாரியிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணுவோர் உண்டு. அது இயந்திரத்தைக் கிளப்ப ஒரு நொடி பெரும் மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொன்னால் விரைவில் கெட்டுப்போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு வகைப் பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றி எடுக்கலாம். விலை கூடுதல்; ஆயுளும் கூடுதல்.

அடுத்து வரத்து. 100 வாட் மின்தகடு என்றால் காலை முதல் மாலை வரை 100 வாட் தரும் என்று பொருளன்று. உச்சிவெயிலில் மட்டுமே ஏறத்தாழ அந்த அளவு கிடைக்கும். காலை, மாலை இளவெயிலையெல்லாம் கூட்டி, ‘முழு வெயில் இத்தனை மணி நேரத்துக்குச் சமம்’ என்று சொல்வார்கள். நம் கணக்கில் அது தெளிந்த நாளில் 4 மணி நேரம் என்று கொள்வோம். வெப்பத்திலும் கம்பியிலும் மின்னூட்டும் கருவியிலும் வீணாவது போக நூற்றுக்கு எழுபது தேறும். 100 × 4 × 0.7 = 280 வாட் மணி. செலவு 240. வரவு மிகுதிதானே, பிறகென்ன கவலை?

வானம் மூடிய நாளுக்கு வாருங்கள். வெயில் ஒன்றரை மணி நேர அளவே கிடைக்கிறது. வரவு 105, செலவு 240. நாளுக்கு 135 வாட் மணி பற்றாக்குறை. ஈய-அமில பேட்டரியில் நாம் எடுக்கக்கூடியது 600. நான்கு நாள் சமாளித்து, ஐந்தாம் நாள் கண் மூடிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மழை விட்ட பிறகு தெரியும். தெளிந்த நாளில் நமக்கு மிஞ்சுவது 280-இல் 240 போக 40 வாட் மணி மட்டுமே. வற்றிய 600-ஐ நிரப்பப் பதினைந்து நாள் இடைவிடாத வெயில் வேண்டும். பருவமழைக் காலத்தில் அவ்வளவு நாள் யார் தருவார்?

இந்த இடத்தில் பெரிய பேட்டரி வாங்கத்தான் பலருக்கும் தோன்றும். குளத்தை ஆழப்படுத்தினால் வரத்து கூடிவிடுமா? மின்தகட்டை 200 வாட்டாக மாற்றிப் பாருங்கள். மூடிய நாளில் வரவு 210. பற்றாக்குறை வெறும் 30. அதே 600 வாட் மணி இருபது நாள் தாங்குகிறது. தெளிந்த நாளில் வரவு 560; மிச்சம் 320. இரண்டே நாளில் குளம் நிரம்பிவிடுகிறது. அதே பேட்டரி, அதே கேமரா. மழை மிகுந்த ஊரில் கையில் மிஞ்சும் பணத்தை முதலில் மின்தகட்டில் போடுவதே அறிவுடைமை என்பதை இந்தச் சிறு பெருக்கல் காட்டிவிடுகிறது.

இரவில் மட்டும் கெடும் கேமரா

நெடுஞ்சாலையை விட்டு வீட்டு வாசலுக்கு வருவோம். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளிலும் சிறு கடைகளிலும் இப்போது கேமரா வைக்கிறார்கள். மின்வெட்டின்போதும் அது இயங்க வேண்டுமென்று 12 வோல்ட் பேட்டரியோடு இணைக்கிறார்கள். பகலில் எல்லாம் சரியாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் கேமரா அணையும், சில நொடியில் உயிர்பெறும், மீண்டும் அணையும். பேய் என்பார் ஒருவர். போலிக் கருவி என்பார் மற்றொருவர். காரணம் பெரும்பாலும் கம்பியில் இருக்கும்.

இருட்டியதும் கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றுகிறது. பகலில் 6 வாட் எடுத்தது இரவில் 12 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். மின்னோட்டம் அரை ஆம்பியரிலிருந்து ஓர் ஆம்பியராகிறது. பேட்டரி வீட்டின் பின்னறையில் இருக்கிறது. கேமரா இருபது மீட்டர் தள்ளி வாசலில் இருக்கிறது. போகவும் வரவும் நாற்பது மீட்டர் கம்பி. அரைச் சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய செம்புக் கம்பியானால் அதன் மின்தடை ஏறத்தாழ 1.4 ஓம். பகலில் 0.7 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. இரவில் 1.4 வோல்ட் இழக்கப்படுகிறது. பேட்டரி சற்று இறங்கி 11.8 வோல்ட்டில் இருந்தால் கேமராவைச் சென்றடைவது 10.4 மட்டுமே. அந்த அளவில் சில கேமராக்கள் தடுமாறி அணைந்துவிடும். அணைந்ததும் மின்னோட்டம் குறைகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது, கேமரா மறுபடி விழிக்கிறது, விளக்கை ஏற்றுகிறது, வீழ்கிறது. விடியும்வரை இதுவே.

மும்மடங்கு தடிப்புள்ள கம்பியைப் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். அல்லது பேட்டரியைக் கேமராவுக்கு அருகில் வைத்துவிடலாம். திருடன் வருவது இரவில். கண் அவிவதும் இரவில் என்றால் பகலெல்லாம் அது எடுத்த படங்களால் என்ன பயன்?

வேறொரு வீண்செலவும் உண்டு. 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தை இன்வெர்ட்டர் 230 வோல்ட்டாக உயர்த்துகிறது. கேமராவின் அடாப்டர் அதை மறுபடி 12 வோல்ட்டாக இறக்குகிறது. ஏறும்போதும் வீண், இறங்கும்போதும் வீண். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே பத்து வாட் அளவிலோ அதற்கு மேலோ தின்றுவிடும். காவல்காரனைவிட அவனுக்குச் சோறு கொண்டுபோகிறவன் மிகுதியாக உண்பதைப் போன்றது இது. நேரே 12 வோல்ட்டில் இணைப்பது சிக்கனம். ஆனால் பேட்டரிக்கு அருகிலேயே ஓர் உருகி கட்டாயம் வேண்டும். 12 வோல்ட் நம்மைத் தாக்காது என்பது பெரும்பாலும் உண்மை. ஆயினும் அதன் இரு முனைகளும் கம்பியால் நேரே தொட்டுக்கொண்டால் கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். இவ்வேலையைப் பெரியவர் துணையின்றிச் செய்யாதீர்கள்.

மலைமேல் உறங்கும் கண்

நெய்யாறு அகத்தியமலையில் பிறக்கிறது. 1868 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் மறுபுறம் தமிழ்நாட்டின் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் பரந்திருக்கிறது. அங்கும் கேமராக்கள் உண்டு. ஆனால் அடர்ந்த காட்டுக்குள் சூரிய மின்தகடு வைத்து என்ன செய்வது? வெயில் தரையில் விழாது. மின்கம்பியும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அத்தகைய சிறு பேட்டரிகள் எட்டை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தாங்க வேண்டும். எட்டையும் கூட்டினால் ஏறத்தாழ 24 வாட் மணி. நம் நெடுஞ்சாலைக் கண் அதை இரண்டரை மணிக்குள் குடித்துத் தீர்த்துவிடும்.

ஆகவே காட்டுக் கண் உறங்குகிறது. ஒளிப்படக் கருவி, விளக்கு, நினைவகம் எல்லாம் அணைந்திருக்கும். வெப்ப அசைவை உணரும் ஒரு சிறு உறுப்பு மட்டும் விழித்திருக்கும். அதற்குத் தேவைப்படுவது ஒரு வாட்டின் ஆயிரத்தில் சில பங்கு. சூடான உடல் ஒன்று முன்னே கடந்தால் அது கண்ணை எழுப்பும். படம் எடுத்துவிட்டுக் கண் மீண்டும் உறங்கிவிடும்.

இந்த எண்ணம் புதிதன்று. 1920களில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் வனத்துறை அலுவலர், வட இந்தியக் காடுகளில் புலி நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டினார். புலியின் கால் கம்பியில் பட்டதும் ஒளிவெட்டு எழுந்து படம் பதிவாகும். புலி தன்னைத் தானே படமெடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். இன்று கம்பியின் வேலையைப் புலியின் உடற்சூடு செய்கிறது.

2018-19-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இத்தகைய கேமராக்கள் வைக்கப்பட்டன. அவை எடுத்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலி இருந்த படங்கள் 76,651. சிறுத்தை இருந்தவை 51,777. கேமரா வைத்து நடத்திய விலங்குக் கணக்கெடுப்புகளில் மிகப் பெரியது என்று கின்னஸ் நூலிலும் அது இடம்பெற்றது. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 455 படங்களுக்கு ஒன்றில்தான் புலி. மற்ற நேரங்களில் கண் மானுக்காகவும் பன்றிக்காகவும் விழித்தது. வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடியபோதும் ஏமாந்து விழித்தது. ஒவ்வொரு விழிப்புக்கும் பேட்டரி விலை கொடுக்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள வனக் காவலர் கேமராவை மரத்தில் கட்டியவுடன் அதன் முன்னே வளர்ந்த புல்லையும் செடியையும் ஒதுக்கிவிடுகிறார். அருவாள் கொண்டு பேட்டரியைச் சேமிக்கும் முறை அது.

வாசலில் வைப்பதற்கென்று பேட்டரியில் இயங்கும் கம்பியற்ற கேமராக்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுட் பல இந்தக் காட்டுக் கண்ணின் வழிவந்தவை. அசைவு தெரிந்தால் மட்டும் விழிப்பவை. தனி வீட்டின் படலுக்கு அது பொருந்தும். நெடுஞ்சாலையை நோக்கிய கடை வாசலில் வைத்தால் ஒவ்வொரு பேருந்துக்கும் விழித்து விழித்து, மாதக்கணக்கில் தாங்க வேண்டிய பேட்டரி சில நாளில் தீர்ந்துவிடும். எதை வாங்குவது என்று கேட்பவரிடம், முதலில் வாசலில் ஒரு மணி நேரம் அமர்ந்து எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள்.

கம்பி இல்லாத கண் யாரைப் பார்க்கிறது?

முன்பு கேமராவுக்குக் கம்பி இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் அது யாருடையது என்பது தெரிந்துவிடும். பேட்டரி வந்ததும் அந்த அடையாளம் போயிற்று. மரத்திலும் மதிலிலும் மாடத்திலும் யார் வேண்டுமானாலும் ஒரு கண்ணைத் தொங்கவிடலாம். வரிசையாக நெருங்கிய வீடுகளில் குடியிருப்போருக்கு இது சிறு செய்தியன்று. நம் வாசலைப் பார்க்க வைத்த கண் எதிர்வீட்டு முற்றத்தையும் பார்த்துவிடும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அரசமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தில்லியில் எழுதப்பட்டாலும் எதிர்வீட்டு அக்கா துணி உலர்த்தும் முற்றத்துக்கும் அதன் கருத்து பொருந்தும். கேமராவைச் சற்றுக் கீழே சாய்த்தால் நம் படிக்கட்டு மட்டும் தெரியும். அந்தக் கோணத்தில் கடந்துபோவோரும் குறைவு, கண் விழிப்பதும் குறைவு, பேட்டரியும் நீடிக்கும்.

பயிற்சி

1. மரம் + கிளை = மரக்கிளை என்பதுபோல, குளம் + கரை என்பது இலக்கணப்படி எவ்வாறு புணரும்? ஊர்ப்பெயரில் அது எவ்வாறு நிற்கிறது? உங்களுக்குத் தெரிந்த கேரள ஊர்ப்பெயர்களில் இவ்வாறு மெல்லினம் நிற்கும் பெயர்கள் இரண்டு எழுதுக.

2. பாடத்தில் வரும் கேமராவுக்கு 150 வாட் மின்தகடு பொருத்தினால், மூடிய நாளில் பற்றாக்குறை எவ்வளவு? 600 வாட் மணி எத்தனை நாள் தாங்கும்? மழை விட்ட பின் பேட்டரி நிரம்ப எத்தனை நாள் ஆகும்?

3. ‘வரத்து’, ‘மடை’ ஆகிய சொற்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்பொருளில் வழங்குகிறார்கள் என்று கேட்டு எழுதுக. அவர்களின் சொந்த ஊரில் குளத்துக்கும் ஏரிக்கும் வழங்கும் வேறு பெயர்களையும் சேர்த்து எழுதுக.

4. உங்கள் தெருவில் ஒரு கேமரா எதிர்வீட்டு முற்றத்தை நோக்கி இருக்கிறது. அதன் உரிமையாளரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லும் முறையில் எட்டு வரி உரையாடல் எழுதுக.